டயாலிசிஸ் போகும் அம்மாவுக்கு இரவில் தூக்கமில்லை, பகலெல்லாம் அசதி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சிப்புட் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் பேராக், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது. இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) ரத்தக் கொதிப்பும் பல வருடங்களாக உண்டு. இப்போது சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். காலை முதல் ஷிப்ட்.

மெஷின் ஓட ஆரம்பித்ததுமே அங்கே தூங்கிவிடுகிறார். வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுக்கை. ஆனால் இரவு பத்து மணிக்குப் படுத்தால் கால் இரண்டிலும் என்னவோ ஊர்கிற மாதிரி, உள்ளே இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று எழுந்துவிடுகிறார். ஹாலில் நடந்தால் சரியாகிறது, படுத்தால் திரும்ப வருகிறது. விடியற்காலை நாலரைக்குத்தான் கண்ணை மூடுகிறார்.

எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து சமைத்து, எங்களை எழுப்பிச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்பு) போனவர். இன்று நாலு தட்டு கழுவினாலே நாற்காலியைத் தேடுகிறார். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "படுத்தே பழகிட்டாங்க" என்று அவர் காதுபடச் சொல்கிறார்கள். அதைக் கேட்டு அவர் அழுததுதான் என்னை இங்கே எழுத வைத்தது. ஒரு கிளினிக்கில் கேட்டதற்கு, வயதானால் தூக்கம் குறையும் என்று அனுப்பிவிட்டார்கள். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கலாமா?

கிந்தா அண்ணன்:

தங்கச்சி, கவலைப்படாதீர்கள். எங்கள் அப்பாவும் டயாலிசிஸ் போனவர்தான். அரிப்புக்குக் கொடுத்த பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜி மாத்திரையை இரவில் ஒன்று போட்டால் தூங்கிவிடுவார். அப்புறம் ரத்தக் கொதிப்பு குறைய நட்சத்திரப் பழச் சாறு நல்லது என்பார்கள், கொதிப்பு இறங்கினால் தூக்கம் தானாக வரும். நம் ஊரில் யார் வீட்டு வாசலிலாவது அந்த மரம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

ஈப்போ தாதி:

சிப்புட் மகள், மற்றதைப் படிக்கும் முன் இதைப் படியுங்கள். நட்சத்திரப் பழம் வேண்டாம். சாறாகவும் வேண்டாம், ஒரு துண்டுகூட வேண்டாம்.

பெலிம்பிங் என்று சந்தையில் விற்கும் அதே பழம்தான். நல்ல சிறுநீரகம் உள்ளவர் சாப்பிட்டால் அதிலுள்ள நச்சு சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் அது தங்கி மூளையைத் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், வாந்தி, தூக்கமின்மை. பிறகு குழப்பம், வலிப்பு. உயிரே போயிருக்கிறது. அந்த நச்சுப் பொருளை 2013-இல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்து காரம்பாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கிந்தா அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அந்தச் சாறு கொதிப்புக்கு நல்லது என்ற பேச்சு நம் ஊர்ப் பக்கம் எல்லா இனத்தாரிடமும் உண்டு. அதனால்தான் முதலிலேயே சொன்னேன். யாராவது சாப்பிட்ட பிறகு விக்கல் வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி கால் விஷயம். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே 'அமைதியற்ற கால்கள்' என்ற நோயின் வர்ணனை. ஓய்வில் வரும், இரவில் கூடும், நடந்தால் அடங்கும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். சுவீடன் மருத்துவர் எக்போம் 1945-லேயே விரிவாக எழுதிவைத்த நோய். அம்மாவின் கற்பனையோ பிடிவாதமோ இல்லை என்று அந்தச் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்.

இரும்புச் சத்துக் குறைவு இதைக் கூட்டும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டுவது) எவ்வளவு என்று கேளுங்கள். பிரிட்டன் போன்ற தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகளும், சில வாந்தி மாத்திரைகளும், சில மனச்சோர்வு மாத்திரைகளும் கால் அவஸ்தையை மோசமாக்கும். இரவில் தூங்க வேண்டும் என்று போட்ட மாத்திரையே இரவெல்லாம் நடக்க வைக்கலாம். அம்மா ஏற்கனவே அரிப்புக்கு ஏதாவது போடுகிறாரா என்று பாருங்கள். போட்டால் நீங்களாக நிறுத்தாமல் டயாலிசிஸ் டாக்டரிடம் காட்டுங்கள்.

பழைய டிரெசர்:

தாதி அம்மா சொன்னது சரி. நான் தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்தப் பேச்சில் என் பங்கு ஒன்றுதான்: "தூக்கம் இல்லை" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னால் அவருக்கு மாத்திரைதான் ஞாபகம் வரும். எது எழுப்புகிறது என்று சொன்னால் அதற்கு மருந்து தேடுவார். ஆகவே கேட்கிறேன் மகளே, பதில் சொல்லுங்கள்.

இரவில் இன்சுலின் போடுகிறாரா? விடியற்காலையில் வேர்த்து நனைந்திருக்கிறாரா, கெட்ட கனவு, காலையில் தலைவலி உண்டா? சிறுநீரகம் கெட்டவர் உடம்பில் இன்சுலின் அதிக நேரம் தங்கும். பல வருடமாகப் போட்டு வந்த அளவே இப்போது அதிகமாகிவிடும். சர்க்கரை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடும் அப்படித்தான். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் மறுநாள் முழுக்க உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். இரவு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கலந்து கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஆரஞ்சுச் சாறு வேண்டாம், டயாலிசிஸ்காரருக்குப் பொட்டாசியம் ஏறிவிடும்.

குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறி இழுப்பது போல் சத்தம் வருகிறதா? தலையணையை அடுக்கிச் சாய்ந்தால்தான் மூச்சு வருகிறது என்கிறாரா? அப்படியானால் உடம்பில் நீர் கூடியிருக்கலாம், அல்லது இருதயத்தைப் பார்க்க வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. அதில் நம் இந்தியர்களின் விகிதம்தான் அதிகம். அப்படியிருக்க, அசதியைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பழைய லயத்தில் காய்ச்சல் வந்தால்தான் நோய், அசதி என்றால் அது குணக்கேடு. அந்த நினைப்பு நம்மோடு தாமானுக்கும் (புதிய குடியிருப்பு) குடி வந்துவிட்டது.

சிப்புட் மகள்:

தாதி அக்காவுக்கும் டிரெசர் ஐயாவுக்கும் நன்றி. நட்சத்திரப் பழம் இதுவரை கொடுக்கவில்லை, இனியும் கொடுக்க மாட்டேன்.

இரவு இன்சுலின் உண்டு. வேர்வை உண்டு, ஆனால் எங்கள் வீடு தகரக் கூரை, இரவு பதினொன்று வரை சூடு இறங்காது. அதனால் வேர்க்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். காலையில் தலைவலி வாரத்தில் சில நாள். அரிப்புக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன மாத்திரை இரவில் போடுகிறார், பெயரைப் பார்க்கிறேன். குறட்டை உண்டு. மூச்சு நிற்கிறதா என்று கவனித்ததில்லை.

தாமான் தம்பி:

யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் பாட்டி எழுபது வயதிலும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினார், படுத்தவுடன் தூங்கினார். உடம்பை அசைக்காமல் வைத்திருந்தால் தூக்கம் எப்படி வரும்? நோயாளி என்று உட்கார வைப்பதே தவறு. காலையும் மாலையும் நடக்கச் சொல்லுங்கள், வேலை கொடுங்கள்.

லூப்பஸ் கிராணி:

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் மற்றப் பாதியைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு லூப்பஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை. வெளியில் பார்த்தால் நோய் தெரியாது. நல்லாத்தானே இருக்கே என்பார்கள். இந்த அசதி, வேலை செய்து வரும் களைப்பு மாதிரி கிடையாது. அந்தக் களைப்பு தூங்கினால் போகும். இது தூங்கி எழுந்த பிறகும் இருக்கும். குளித்துத் தலை துவட்டியதும் கை தூக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிடுவேன்.

உடம்பு சற்று நன்றாக இருக்கும் நாளில் நாம் செய்வது என்ன? விட்டுப்போன துணி, வீடு, சந்தை, கோயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்போம். அடுத்து வரும் நாட்களில் எழுந்திருக்க முடியாது. அசதிக்குக் காரணம் நோய் பாதி, இந்த ஏற்ற இறக்கம் பாதி. சம்பள நாளன்றே முழுச் சம்பளத்தையும் செலவழித்துவிட்டு மாதம் பூராவும் கடன் வாங்குவது போன்றது இது. நான் இப்போது நல்ல நாளிலும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறேன். துணி துவைக்கும் நாளில் சந்தைக்குப் போவதில்லை. காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்கிறேன். களைத்த பிறகு ஓய்வெடுப்பதை விட்டுவிட்டு, களைப்பதற்கு முன்பே ஓய்வெடுக்கிறேன். மாமியாருக்கு இது புரிய வெகு காலம் ஆனது. இன்று அவரே "போதும், உட்காரு" என்கிறார்.

நடை நல்லதா என்றால் நல்லதுதான். லூப்பஸ், மூட்டு வாதம், சிறுநீரக நோய் எல்லாவற்றிலும் மெதுவான உடற்பயிற்சி அசதியைக் குறைக்கிறது என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். ஆனால் தொடங்கும் அளவு மிகச் சின்னதாக இருக்க வேண்டும். வாசல் வரை போய் வருவதே ஆரம்பமாக இருக்கலாம். மறுநாள் படுக்க வைக்காத அளவுதான் சரியான அளவு. எல்லா நோய்க்கும் இது பொருந்தவும் செய்யாது. நாட்பட்ட களைப்பு நோய் என்று தனியாக ஒன்று உண்டு. அதற்குப் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சை வேண்டாம் என்று பிரிட்டன் நாட்டில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-இல் வழிகாட்டியையே மாற்றியது. அந்த நோயாளிகளைத் தள்ளித் தள்ளி வேலை செய்ய வைத்தால் இன்னும் விழுவார்கள். ஆகவே "அசைந்தால் சரியாகும்" என்று எல்லோருக்கும் ஒரே வார்த்தை சொல்ல முடியாது, தம்பி.

இன்னொன்று. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்தால், டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை அதைக் காலையில் பசியாறியதும் போடுங்கள். மாலையில் போட்டால் இரவு முழுக்க மனம் விழித்துக்கொண்டே இருக்கும். அதேபோல நீர் இறக்கும் மாத்திரையை இரவில் போட்டுவிட்டுக் கழிவறைக்கு நடந்துகொண்டிருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டாலே போதும்.

தாமான் தம்பி:

சரி அக்கா. பாட்டியை வைத்து எல்லோரையும் அளந்துவிட்டேன் போலிருக்கிறது. என் சித்திக்கும் மூட்டு வாதம்தான், அவருக்கு நீங்கள் எழுதியதைக் காட்டுகிறேன்.

லோரி அண்ணன்:

குறட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். இருபது வருடமாக லோரி ஓட்டுகிறேன், இனிப்பு நீரும் கொதிப்பும் உண்டு. மூன்று விதக் கொதிப்பு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. நெடுஞ்சாலையில் கண் சொக்கும். கோப்பி குடித்துக் குடித்தே ஓட்டினேன். என் மனைவிதான் நான் தூங்குவதைக் கைப்பேசியில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டினார். குறட்டை, திடீரென்று மௌனம், பிறகு மூச்சு வாரி இழுக்கும் சத்தம். டாக்டர் அந்த ஒளிப்பதிவைப் பார்த்துவிட்டு அன்றே தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் கொடுத்தார்.

அது தூக்க மூச்சுத் தடை. இரவில் தொண்டை அடைத்து ஒவ்வொரு முறையும் மூளை நம்மை எழுப்புகிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. காற்றை அழுத்தி அனுப்பும் முகமூடி மெஷின் கொடுத்தார்கள். 1981-இல் ஆஸ்திரேலிய டாக்டர் சல்லிவன் முதலில் செய்த முறையாம். ஆரம்பத்தில் மூச்சு முட்டுகிறது என்று கழற்றி எறியத் தோன்றும். பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகினேன், பிறகு இரவிலும் கழற்றாமல் தூங்க முடிந்தது. வாங்கினால் சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும், ஆகவே மருத்துவமனைச் சமூகநலப் பிரிவில் உதவி கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. இப்போது கொதிப்பும் பிடிக்குள் இருக்கிறது.

தங்கச்சி, இந்த நோய் இருப்பவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்து. மூச்சு நிற்கும் நேரத்தில் எழுப்பும் சக்தியையும் அது அமுக்கிவிடும். பரிசோதனைக்கு முன் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஈப்போ தாதி:

லோரி அண்ணன் சொன்ன கைப்பேசிப் பதிவு மிக நல்ல யோசனை. டயாலிசிஸ் நோயாளிகளிடமும் மூச்சுத் தடை அதிகம். பகலில் காலில் தேங்கும் நீர் படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறுவதும் ஒரு காரணம். ஆகவே உப்பைக் குறைப்பது தூக்கத்துக்கும் உதவும். கருவாடு, ஊறுகாய், பொட்டல மீ (நூடுல்ஸ்), சோயா சாஸ் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு கூடினால் தாகம், தாகத்தில் தண்ணீர், தண்ணீரால் எடை. அடுத்த டயாலிசிஸில் அவ்வளவையும் நான்கு மணி நேரத்தில் இழுத்தால் அன்று முழுக்க எழுந்திருக்க முடியாது. டயாலிசிஸ் நாள் அசதி பலருக்குக் கடுமையாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

ஹீமோகுளோபின் பொதுவாக 10 முதல் 11.5 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். அதற்குக் கீழே போனால் ரத்தம் ஊற வைக்கும் ஊசியின் அளவை மாற்றுவார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைந்திருக்கலாம், அதையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் சரிசெய்த பிறகும் தூக்கமின்மை ஒரு பழக்கமாகவே நின்றுவிடலாம். அதற்கு மாத்திரையைவிடப் பழக்கத்தை மாற்றும் சிகிச்சைதான் முதலில் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வழிகாட்டியே வெளியிட்டது. வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். எந்த நேரத்தில் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். அம்மா பால்மரக்காரர், காலை வெளிச்சம் அவருக்குப் பழகினது, வாசலில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். கண் சொக்கினால் மட்டும் கட்டிலுக்குப் போகட்டும். இருபது நிமிடம் போலப் புரண்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காரட்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். பகல் தூக்கம் அரை மணிக்குள், மூன்று மணிக்கு முன். டயாலிசிஸ் நாற்காலியில் தூங்குவதை முழுக்கத் தடுக்க முடியாது, நான் தடுக்கவும் மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து மறுபடி மாலை வரை தூங்குவதைத்தான் மெல்லக் குறைக்க வேண்டும். பிற்பகலுக்குப் பிறகு தேநீரும் கோப்பியும் வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

தூக்கம் போனதோடு சாப்பாட்டில் ஆசையும், பேச்சில் விருப்பமும் போயிருந்தால் மனச்சோர்வையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அழுதார் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

சிப்புட் மகள்:

நடந்ததைச் சொல்ல வந்தேன். டிரெசர் ஐயா சொன்னபடி ஒரு நோட்டில் எழுதினோம். எப்போது படுத்தார், எது எழுப்பியது, சர்க்கரை எவ்வளவு என்று. ஒரு இரவு மூன்று மணிக்கு 3.4 காட்டியது. கூரைச் சூடு என்று நினைத்த வேர்வையில் பாதி அதுதான். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து இரவு இன்சுலினைக் குறைத்தார். மஞ்சள் மாத்திரை பிரிட்டன்தான். அதை நிறுத்திவிட்டு அரிப்புக்குத் தோலில் தடவும் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். இரும்புச் சத்தும் குறைவு என்று வந்தது. டயாலிசிஸின்போதே ஊசி வழியாக ஏற்றுகிறார்கள்.

கால் இழுப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. தாங்க முடியாவிட்டால் அதற்கென்று டயாலிசிஸுக்குப் பிறகு போடும் மாத்திரை உண்டு, அளவு மிகக் கவனமாகக் கொடுக்க வேண்டியது என்றார் டாக்டர். டயாலிசிஸ் நாள் அசதி அப்படியே இருக்கிறது. அதனால் அன்றைக்கு அவரிடம் எந்த வேலையும் எதிர்பார்ப்பதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். மறுநாள் காலை அவரே ரசம் வைக்கிறார், உட்கார்ந்துகொண்டு. அழுகையைப் பற்றியும் டாக்டரிடம் சொன்னேன். அம்மாவிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார், அடுத்த முறையும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

குறட்டையைப் பதிவு செய்தேன். மூச்சு நிற்பது எனக்கே கேட்கிறது. ஈப்போவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். லோரி அண்ணே, அங்கே ஒரு இரவு தங்க வேண்டுமா? டயாலிசிஸ் நாளோடு எப்படிச் சேர்ப்பது?

லோரி அண்ணன்:

எனக்கு ஒரு இரவு தங்கச் சொன்னார்கள். சில இடங்களில் சின்னக் கருவியைக் கொடுத்து வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கச் சொல்வதும் உண்டு, முன்பே போன் செய்து கேளுங்கள். தேதி கொடுக்கும்போதே டயாலிசிஸ் கிழமைகளைச் சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் கிளிப் சரியாகப் படிக்க நகத்தில் சாயம் இருக்கக் கூடாது. மாத்திரை எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போங்கள், வழக்கமான தலையணையும். அரசு மருத்துவமனை நிபுணர் கிளினிக் கட்டணம் குடிமக்களுக்கு 5 வெள்ளிதான்.

ஈப்போ தாதி:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் முடிந்த இரவும் அதற்கு முந்தைய இரவும் உடம்பில் நீர் அளவு வேறு வேறு, அதனால் மூச்சுத் தடையும் வேறு மாதிரி தெரியலாம். எந்த இரவில் பரிசோதனை செய்தார்கள் என்று தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

சிப்புட் மகள்:

சரி அக்கா. புதன்கிழமை போன் செய்கிறேன், தேதி கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன். அன்று எங்கள் பக்கமிருந்து ஈப்போவுக்கு வண்டியில் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எண்ணெய்ச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.